மொழிப் பயிற்சிக்கு ஓர் இடைவேளை

வளர்ந்தோருக்கு மொழி கற்பிக்கும் மாலை வகுப்புகளை நடத்துவோர் ஒரு விடயத்தை நன்கறிவர். முதல் மாதத்தில் வாங்குகள் போதாமற் போகும். ஆறாம் மாதத்தில் அவற்றிற் பாதி வெறுமையாய்க் கிடக்கும். வராது விட்டவருட் சோம்பேறிகள் மிகச் சிலரே. ஒருவருக்குப் பதவியுயர்வுப் பரீட்சை வந்துவிட்டது. இன்னொருவர் வீட்டிற் குழந்தை பிறந்துவிட்டது. வேறொருவர் வீடு கட்டத் தொடங்கிவிட்டார்; மாலை ஐந்து மணிக்கு மேல் மேசனையும் தச்சனையும் பார்க்காவிட்டால் அவர் வேலை நகராது. இவர்களுள் எவரும் மொழியே வேண்டாமென்று தீர்மானித்து நின்றவரல்லர். அடுத்த வாரம் வருவோமென்று நின்றவர்களே. அடுத்த வாரம் அடுத்த மாதமாயிற்று. பின்னர் ஆசிரியரைத் தெருவிற் கண்டால் மறுபக்கம் பார்த்து நடக்கும் நிலையுமாயிற்று.

நிறுத்துவது குற்றமன்று. ஒருவருக்குள்ள பொழுது அளவானது. கடமைகளோ ஒன்றன்மேலொன்றாய் வருவன. ஆயினும் தீர்மானித்து நிறுத்துவதற்கும், தானாக நின்றுபோவதற்கும் பெரிய வேறுபாடுண்டு. முன்னையது இடைவேளை, பின்னையது கைவிடுதல். பெரும்பாலார் இடைவேளை என்று எண்ணிக் கைவிடுகின்றனர். சிலரோ கைவிட்டோமென்று வெட்கப்பட்டு, உண்மையில் அழியாது தம்மிடம் எஞ்சியிருக்கும் அறிவையும் பயன்படுத்தாது விடுகின்றனர். இவ்விரண்டாவது இழப்பே கூடுதலாகக் கவலைக்குரியது.

பெரியோரும் இதற்கு விலக்கல்லர். மோகன்தாஸ் காந்தி 1893இல் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றார். அங்குக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்த இந்தியருட் பெருந்தொகையினர் தமிழர். 1894இல் பாலசுந்தரம் என்னுந் தமிழ்த் தொழிலாளி, எசமான் அடித்ததாற் பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் வடிய, தலைத்துணியைக் கையில் ஏந்தியவாறு காந்தியின் அலுவலகத்தில் வந்து அழுதுகொண்டு நின்றார். அவருடைய முறைப்பாட்டை நேரே கேட்டு விளங்கும் ஆற்றல் அந்த வழக்கறிஞரிடம் இருக்கவில்லை. அலுவலகத்தில் எழுதுவினைஞராயிருந்த தமிழர் ஒருவரே அதனை எடுத்துரைத்தார்.

1896இல் காந்தி 'பொங்கோலா' என்னுங் கப்பலில் இந்தியாவுக்குத் திரும்பினார். கல்கத்தாவை அடைய இருபத்துநான்கு நாள் பிடித்தது. அந்நாட்களை அவர் வீணாக்கவில்லை. கப்பலின் மேற்றளப் பயணிகளுள் ஒரு முன்ஷியைத் தேடிப்பிடித்து உருது கற்றார்; கப்பல் மருத்துவர் கொடுத்த கைநூலொன்றை வைத்துக்கொண்டு தமிழும் படித்தார். கரை இறங்கியபின்னும் தொடரலாமென்பது அவர் எண்ணம். கரையிலோ பொதுப்பணி காத்திருந்தது. அதன்பின் அவர் தமிழைத் தொட்டது பெரும்பாலும் சிறையிலேதான். தென்னாபிரிக்கச் சிறைகளிற் கிடைத்த ஓய்வில் ஓரளவு வாசிக்கப் பழகினார். வெளியே வந்தால் மீண்டும் போராட்டம். போராட்டத்தில் முன்னணியில் நின்றவருள் மிகப் பலர் தமிழர். அவர்களோடு பேசுவதற்கோ வேற்று மொழி. 1925 முதல் தொடராக வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், தமிழ் பேசத் தாம் ஒருபோதும் கற்கவில்லை என்றும், வாசிக்கத் தெரிந்த சிறிதும் பழக்கமின்மையால் மங்கி வருகின்றதென்றும், இவ்வறியாமை தமக்கு எத்துணைத் தடையாய் இருந்ததென்பதைத் தாம் இன்னும் உணர்வதாகவும் அவர் எழுதினார். அவ்வரலாறு வெளிவந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1927 நவம்பரில், அவர் இலங்கைக்கு வந்தார், யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். தம்மைக் காணத் திரண்ட தமிழ் மக்களோடு தமிழிற் பேச அவரால் இயலாதிருந்தது.

காந்தி நிறுத்தியதற்குக் காரணம் போதாதென்று எவருஞ் சொல்லார். எனினும் அவருடைய கற்கையில் ஒரு குறை வெளிப்படையாகத் தெரிகின்றது. கப்பலிற் சில வாரம், சிறையிற் சில மாதம் என அது துண்டு துண்டாய் நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும், மொழி மனத்திற் காலூன்றுமுன்னரே இடைவேளை வந்துவிட்டது. காலூன்றியபின் வரும் இடைவேளைக்கும் அதற்கு முன் வரும் இடைவேளைக்கும் உள்ள வேறுபாட்டை உளவியலாளர் அளந்தே காட்டியுள்ளனர்.

மறதியை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஜேர்மனிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, சில காலஞ் சென்றபின் அவற்றையே மறுபடியும் மனனஞ் செய்து, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சப்படுகின்றதென்று கணித்தார். 1885இல் வெளியான அவருடைய நூலின்படி, 20 நிமிடங் கழித்துப் பார்க்கையில் மிச்சம் நூற்றுக்கு 58; ஒரு மணி நேரத்தின் பின் 44; ஒரு நாளின் பின் 34; 31 நாட்களின் பின் 21. இவ்வெண்களை நோக்குவோர் முதலில் மறதியின் வேகத்தையே காண்பர். முதல் நாளிலேயே மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகின்றது. ஆயின் இரண்டாவது உண்மையே ஈண்டு முக்கியம். முதல் நாளிற் பாய்ந்தோடிய மறதி, அடுத்த முப்பது நாளில் ஊர்ந்துதான் செல்கின்றது. மாத முடிவிற் கற்றவர் ஒன்றும் நினைவில்லையென்று சத்தியஞ் செய்யலாம். அவர் திரும்பக் கற்கும்போது ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு அவருக்கு மிஞ்சுகின்றது. நினைவில்லை என்பதும் அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

அசைகள் பொருளற்றவை, மொழியோ பொருள் நிறைந்தது. எனவே எபிங்ஹவுஸின் கணக்கை மொழிக்கு அப்படியே பொருத்துதல் தகாது. அமெரிக்க உளவியலாளர் ஹரி பாரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான விடை தருகின்றது. பாடசாலையிலோ கல்லூரியிலோ ஸ்பானிய மொழி கற்றோரை அவர் தேடிப் பரிசோதித்தார். மொத்தம் 733 பேர். அப்போதும் கற்றுக்கொண்டிருந்தவரும் அவர்களுள் இருந்தனர்; ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கற்று, அதன்பின் அம்மொழியை ஏறக்குறையத் தொடாதவரும் இருந்தனர். கற்பதை விட்ட முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் அறிவு கணிசமாகக் குறைந்தது. அதன்பின் நிகழ்ந்ததுதான் எவரும் எதிர்பாராதது. எஞ்சியிருந்த அறிவு ஏறத்தாழ முப்பது ஆண்டு வரை குறையாமல் அப்படியே நின்றது. முதுமை நெருங்கியபின்னரே மீண்டும் சிறிது தேய்ந்தது. தொடாத புத்தகத்திற் கறையான் ஏறுவதுபோல மொழியும் ஆண்டுதோறும் அரிக்கப்படும் என்றே பொதுவாக நம்பப்படுகின்றது. பாரிக் கண்டதோ, ஆறாண்டு தப்பிய சொல் பெரும்பாலும் முப்பதாண்டும் தப்பும் என்பது.

யாரிடம் மிகுதியாக எஞ்சியது? கூடுதலான பாடநெறிகளை முடித்தவரிடமும், அவற்றில் உயர்ந்த புள்ளி பெற்றவரிடமும். ஒரேயொரு பாடநெறியோடு நின்றவரிடம் எஞ்சியது மிகச் சொற்பம். அரைகுறையாகக் கட்டிய மண்சுவர் முதல் மாரியிற் கரையும்; கூரை போட்ட வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், தூசி படியுமேயன்றி வீடு நிற்கும். ஆகவே மொழிப் பயிற்சியை நிறுத்த எண்ணுபவர் தம்மைக் கேட்கவேண்டியது 'நிறுத்தலாமா?' என்பதன்று. கூரை வரை வந்துவிட்டோமா என்பதையே அவர் கேட்டுப் பார்க்கவேண்டும். இன்னும் மூன்று மாதத்தில் ஒரு படிநிலை முடியுமாயின், அம்மூன்று மாதத்தை எவ்வாறேனும் ஒப்பேற்றிவிட்டு நிறுத்துவது, இன்றே நிறுத்துவதிலும் பன்மடங்கு இலாபந் தரும்.

போவது எது, நிற்பது எது என்பதையும் அறிந்துவைத்தல் நன்று. கேட்டும் பார்த்தும் இனங்காணும் ஆற்றல் நெடுநாள் நிற்கும். தானாகச் சொல்லெடுத்துப் பேசும் ஆற்றல் முந்திப் போகும். பத்தாண்டு சிங்களம் பேசாத ஒருவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பைக் கேட்டவுடன் விளங்கிக்கொள்வார். வழி கேட்க வாயெடுத்தாற் சொல் வாராது. உடனே தமக்கு எல்லாம் மறந்துவிட்டதென்று முடிவு கட்டிவிடுவார். உண்மையிற் பண்டசாலை நிறைந்தே இருக்கின்றது. கதவின் திறப்புத்தான் துருப்பிடித்துவிட்டது. துருவை நீக்கச் சில வாரம் போதும். பண்டசாலையை நிரப்புவதற்கோ பல ஆண்டு வேண்டியிருந்தது.

எஞ்சும் சுவட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஹரல்ட் பேர்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் தம் மகனுக்கு, அவன் பதினைந்து மாதக் குழந்தையாயிருந்த காலந்தொடங்கி மூன்று வயது வரை, சோபோக்கிளிசின் நாடகத்திலிருந்து சில பகுதிகளைக் கிரேக்க மொழியிலேயே நாள்தோறும் வாசித்துக் காட்டினார். குழந்தைக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கியிராது. எட்டரை வயதில் அப்பகுதிகளை மனனஞ் செய்யுமாறு பையனிடங் கொடுத்தபோது, சராசரியாக 317 தடவை ஓதியதும் அவை மனத்திற் பதிந்தன. முன்னர் கேட்டிராத அதேயளவான புதிய பகுதிகளுக்கு 435 தடவை வேண்டியிருந்தது. பதினான்கு வயதில் இவ்வேறுபாடு சிறுத்தது. பதினெட்டு வயதில் அது கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. தந்தையார் மகனைச் சோதனைப் பொருளாக்கியது சரியோ என்பது ஒருபுறமிருக்க, இச்சோதனை சொல்லுவது தெளிவு. பொருள் விளங்காது காதில் மட்டும் விழுந்த மொழி சில ஆண்டு சுவடு வைத்திருக்கும், என்றென்றைக்கும் வைத்திராது. இன்றும் எழுத்துக்கூட்டும் நிலையிலிருப்பவர், பதினைந்து ஆண்டு கழித்துத் திரும்பினாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமென்று நம்பியிருத்தல் ஆகாது.

இடைவேளையை எவ்வாறு அமைப்பது? முழுதும் நிறுத்தவேண்டியதில்லை என்பதற்குப் பாரிக் குடும்பத்தாரே சான்று. பாரிக், அவர் மனைவி, இரு புதல்வியர் ஆகிய நால்வரும் ஆளுக்கு 300 அந்நியச் சொற்களை எடுத்துக்கொண்டு பல ஆண்டு தொடர்ந்து தம்மையே சோதித்தனர். முடிவை 1993இல் வெளியிட்டனர். சில சொற்களை 14 நாளுக்கு ஒருமுறையும், சிலவற்றை 28 நாளுக்கு ஒருமுறையும், சிலவற்றை 56 நாளுக்கு ஒருமுறையும் மீட்டனர். 56 நாள் இடைவெளியில் 13 தடவை மீட்ட சொற்கள், 14 நாள் இடைவெளியில் 26 தடவை மீட்ட சொற்கள் எவ்வளவு நிலைத்தனவோ ஏறத்தாழ அவ்வளவு நிலைத்தன. நீண்ட இடைவெளியின்போது ஒவ்வொரு முறையும் கூடுதலாக மறந்துபோயிற்று. மீட்பது கடினமாயும் இருந்தது. ஆயினும் அங்ஙனம் கடினப்பட்டு மீட்டது நெடுங்காலம் நின்றது.

வேலைச்சுமை மிக்கவருக்கு இதிலும் நல்ல செய்தி வேறில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் முடியாதென்பதால் மொழியை அடியோடு விடத் தேவையில்லை. பரீட்சை முடியும்வரை, அல்லது குழந்தை நடக்கத் தொடங்கும்வரை, இரண்டு மாதத்துக்கு ஒரு மாலையை ஒதுக்கிப் பழைய கொப்பியைப் புரட்டினாற் போதும். அதனோடு கைவேலை செய்துகொண்டே கேட்கக்கூடிய ஒன்றும் இருந்தால் இன்னும் நன்று. வானொலிச் செய்தியறிக்கை அதற்கு மிகப் பொருத்தமானது. காலையில் தமிழிற் கேட்ட செய்தியையே மீண்டும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்பவர், பொருளை முன்னரே அறிந்திருப்பதாற் சொல்லை எளிதிற் பற்றிக்கொள்வர். அகராதிக்குச் செலவாகும் நேரமும் மிச்சம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இடைவேளைக்குக் காரணம் வேறொரு மொழியைக் கற்பதாயின், பழையது சற்று விரைவாகவே பின்வாங்கும். புதிய மொழியின் சொற்கள் முந்திக்கொண்டு நாவில் வந்து, பழைய சொல்லை வெளியே வரவிடாது தடுக்கும். சிங்களத்தை நிறுத்திவிட்டு வெளிநாட்டு வேலைக்காகக் கொரிய மொழியோ ஜப்பானிய மொழியோ படிப்போர் இதனை அனுபவத்தில் அறிவர். இத்தகையோருக்கு மேற்சொன்ன இரண்டு மாத மாலை ஒரு மாத மாலையாக இருத்தல் நலம்.

இதுவரை பேசப்பட்டது கற்பவரின் இலாப நட்டம். மொழிக்கு மறுகரை ஒன்றும் உண்டு. பாலசுந்தரத்தின் கண்ணீர் அந்தக் கரையிலிருந்து வந்தது. பொழுதுபோக்குக்காகப் பிரெஞ்சு படிப்பவர் பத்தாண்டு நிறுத்தினாலும் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் தாதி ஒருவர் நோயாளியின் மொழியைக் கற்பதைப் பாதியில் நிறுத்தினால், வலி வயிற்றிலா நெஞ்சிலா என்று சொல்லத் தெரியாத முதியவர் ஒருவர் கட்டிலிற் படுத்திருப்பார். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் இலங்கையின் அரசகரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டுப் பொதுநிர்வாகச் சுற்றறிக்கையொன்று, அவ்வாண்டு யூலை முதலாந் திகதியிலிருந்து அரசசேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டுமென விதித்தது. அவ்விதி பின்னர் திருத்தங்களுக்கும் உள்ளானது. சட்டமும் சுற்றறிக்கையும் தேதி குறிக்கலாம். பிரதேச செயலகத்தின் கருமபீடத்துக்கு முன்னால், பிறப்புச் சான்றிதழைக் கையிற் பிடித்தபடி, மொழி தெரிந்த வேறொருவர் வரட்டுமென்று காத்திருப்பவருக்கு அத்தேதி ஆறுதல் தராது. காத்திருப்பவர் வடக்கே சிங்களவராயிருக்கலாம், தெற்கே தமிழராயிருக்கலாம்.

இத்தகைய பணியிலிருப்போரும் மனிதரே. அவர்கள் வீட்டிலும் குழந்தை பிறக்கும், பரீட்சை வரும். அவர்கள் இடைவேளை எடுக்கக்கூடாதென்று விதித்தல் நியாயமன்று. அவர்கள் முழு மொழியையும் சுமக்கவேண்டியதில்லை. தம் மேசைக்கு வரும் மொழியை மட்டும் கைவிடாது வைத்திருக்கலாம். ஒரு வைத்தியசாலை விடுதியில் நாள்தோறும் வேண்டப்படும் கேள்விகளும் மறுமொழிகளும் எண்ணிவிடக்கூடியவை. எங்கே நோகின்றது, எப்போது தொடங்கியது, என்ன மருந்து எடுத்தீர்கள், வீட்டிலிருந்து யார் வந்திருக்கின்றார். கருமபீடத்துக்கும் அவ்வாறே. இலக்கணமும் இலக்கியமும் இடைவேளையிற் போகட்டும். இவ்வளவும் நாள்தோறும் நாவிற் புழங்கட்டும். புழங்கும் மொழிக்கு இடைவேளை வருவதில்லை.

திரும்பி வருவோர் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 1913இல் ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த தனிநாயகம் அடிகளாருக்குப் பாடசாலைக் கல்வி ஆங்கிலத்திற் கழிந்தது. குருத்துவக் கல்வி உரோமாபுரியிற் கழிந்தது. பல ஐரோப்பிய மொழிகளைக் கற்றார். தாய்மொழியின் முறையான கல்வி மட்டும் பின்னுக்கு நின்றது. திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் ஆசிரியராய் அமர்ந்தபின்னரே, பண்டிதர் ஒருவரிடம் தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்தார். அப்போது அவர் முப்பது வயதைக் கடந்தவர். முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இற் கோலாலம்பூரிற் கூடியபோது அதனைக் கூட்டியவர் அவரே. பிந்தி வந்ததற்காக அவர் வெட்கப்பட்டு நின்றிருந்தால் நட்டம் அவரோடு முடிந்திராது. அவருக்குக் கிடைத்த வாய்ப்பில் இரண்டு விடயங்கள் கவனிக்கத்தக்கன. ஓர் ஆசிரியர் இருந்தார். தமிழ் நாள்தோறும் வழங்கும் ஓரிடமும் இருந்தது. கப்பலிலும் சிறையிலும் காந்திக்கு வாய்க்காதவை இவ்விரண்டுமே.

நீண்ட இடைவேளையின்பின் திரும்புபவர் பெரும்பாலும் முதற் பாடப் புத்தகத்தின் முதற் பக்கத்தையே திறக்கின்றனர். அது தவறு. தெரிந்ததையே மறுபடி படிக்கும் சலிப்பினால் இரண்டாம் வாரத்தில் மறுபடியும் நின்றுவிடுவர். முன்னர் நிறுத்திய இடத்துக்குச் சற்று முன்னால், முக்கால் பங்கு விளங்கக்கூடிய ஒரு பகுதியை எடுத்து உரக்க வாசிப்பதே ஏற்றது. முதற் பத்து நாட்கள் எரிச்சலாகவே இருக்கும். சொல் தொண்டை வரை வந்து நிற்கும். மூன்றாம் வாரமளவில், படிக்காத சொற்களும் எங்கிருந்தோ வந்து நாவில் விழத் தொடங்கும். அவை முன்னொரு காலத்திற் படித்தவை. நிறுத்திய நாளில் அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், எதுவரை படித்தோம், எது விளங்கவில்லை, எந்த மாதத்தில் திரும்புவோம் என்று நாலு வரி எழுதிவைத்தவருக்கு அந்த மூன்று வாரமும் இரண்டாகக் குறையும்.